மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

1

இந்த யோசனை முதன்முதலாக என் தலையில் ஏறியது லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் கண் வார்டில். ஒரு முதியவரின் இமையைப் பிரித்துப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "ஆட்டாதீக ஐயா" என்று வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டேன். வேலை முடியப் போகும் நேரம். அசதி வந்தால் என் நாக்கு சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடும்.

விரலுக்கடியில் அந்த இமை அப்படியே நின்றது.

"இது எந்த ஊர்த் தமிழாக்கும்?" என்றார்.

"பள்ளிவாசல் சார். மூணாறுக்குக் கீழே."

"அறியும், அறியும்! பவர் ஹவுஸ். ஒரு வெளிநாட்டு மந்திரியைக் கூட்டிண்டு நான் அங்கே வந்திருக்கேனே. எந்து குளிர்! ரோட்டோரத்திலே ஜனங்கள் கொடியைப் பிடிச்சிண்டு வரிசையா நின்னிருந்தா."

அந்த வரிசையில் என் அப்பா நின்றார். அப்பாவின் தோளில் நான் இருந்தேன். கார்கள் நிற்கவில்லை. புழுதி அடங்கியதும் எல்லோரையும் மறுபடி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகச் சொன்னார்கள். கொடியை மட்டும் நான் வெகுநாள் வைத்திருந்தேன்.

அவர் பெயர் சேஷமணி. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் பிறந்தவர். யுத்தம் முடிந்த கையோடு வெளிநாட்டு இலாகாவில் நுழைந்து கெய்ரோ, ஜெனீவா, நியூயார்க், கொழும்பு என்று சுற்றி அம்பாசடராக ஓய்வு பெற்றவர். இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறார். பேப்பரில் பெயர் வராத பெரிய மனிதர்களில் ஒருவர் என்று வார்டு டாக்டர் சொன்னார். யார் பிரதமரானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்களாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் பக்கத்து ஆள்! கேரளத்துச் சித்தூர் காலேஜில் பிரீ டிகிரி படித்த இரண்டு வருஷமும் லீவுக்கு ஊருக்குப் போக வர பாலக்காட்டில்தான் பஸ் மாறுவேன். தேர்த் திருவிழா சமயம் கல்பாத்தி பாலத்தில் பஸ் நகராது. ஜன்னல் வழியே அந்தத் தெருக்களைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. போகலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை; கேட்டும் பார்க்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து கிளம்பிய ஒருவர் உலகத்துச் சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசியிருக்கிறார். அந்தக் கதையைத் தமிழில் எழுதி ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? படுக்கை விரிப்பு மாற்றுகிற கைக்கு இது எதற்கு என்று இங்கே சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு இருபத்திமூன்று வயது. படித்த படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் நடுவில் ஒரு பெரிய காலி இடம். அதில் எதையாவது போட்டு நிரப்பவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வந்து எழுதிக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணில் கட்டு.

"ஞாயித்துக்கிழமை வா குட்டி. கண்ணு தெரியறவாள் ஆராவது பேப்பர் வாசிச்சுக் காமிச்சா எனக்கும் நல்லதாக்கும்."

எனக்காக நான் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அடுத்துக் கேட்கவேண்டியதைக் கேட்க ஒரு வருஷம் ஆயிற்று.

2

பாக்கியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் என் தாய்மாமன் மகள், என் வயது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு ஒரே பஞ்சத்தில் இரண்டு கங்காணிகள் ஆள் பிடிக்க வந்தார்களாம். ஒருவர் பின்னால் அம்மாவின் கூட்டம் போடி மெட்டு ஏறி மூணாறு மலைக்கு வந்தது. இன்னொருவர் பின்னால் மாமா கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். இரண்டு பக்கமும் அதே செடி, அதே கூடை, அதே வரிசை வீட்டு லயம். நடுவில் கடல்.

ஒரு சாவுக்காக மாமா பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்து சில மாதம் தங்கினார். அப்போது எங்களுக்குப் பத்து வயதிருக்கும். மலையிலிருந்து பவர் ஹவுசுக்கு இறங்கும் ராட்சசக் குழாய்களைப் பார்த்து, "இது எந்தப் பூதம் ஊதுற நாயனம்டீ?" என்று கேட்டவள் அவள். எதையும் கேட்டுவிடுவாள். ஒருநாள் தோட்டத்து மேனேஜர் தொரையின் ஜீப் ரோட்டில் நின்றது. நாங்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். பாக்கியம் நேரே போய், "தொர, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போறீகளா?" என்றாள். தொரை சிரித்தார். பேக்டரி வரை ஜீப்பில் போனோம். காற்றில் அவள் பாவாடை கொடி மாதிரி பறந்தது.

அப்பா ஒரு வாரம் மஸ்டர் பக்கம் தலை நிமிரவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள்.

"தொரகிட்ட வாய் தொறந்து கேட்டுட்டாளாமே, ஒம் மச்சான் மவ!"

எங்கள் மலையில் யாரும் கேட்பதில்லை. நிற்பார்கள். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சமவெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. காரியம் ஆகவேண்டுமென்றால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கங்காணியோ தொரையோ போகிற பாதையில் ஓரமாக நிற்கவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவர் பார்ப்பார், போவார். மறுநாளும் நிற்கவேண்டும். ஒருநாள் அவராக, "என்ன?" என்பார். அப்போது சொல்லலாம். அவராகக் கேட்டால் அது அவர் செய்யும் தயவு. நாமாகக் கேட்டால் அது திமிர். என் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க அப்பா அப்படித்தான் ஆபீஸ் படியோரம் நின்றார். லயத்தில் "கேட்டியா?" என்று யாரும் விசாரிப்பதில்லை. "நின்னியா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு காரியத்துக்கு ஒருவரிடம்தான் நிற்கவேண்டும். இரண்டாவது ஆளிடம் நின்றது தெரிந்தால் முதல் ஆளுக்கு அவமானம். இரண்டு பேரும் கைவிட்டுவிடுவார்கள்.

3

பாக்கியத்துக்கு இலங்கையிலேயே பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பெயர் ராசன். ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகுதான் விஷயம் முற்றியது.

இலங்கைத் தோட்டத்துத் தமிழர்களை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. மாமா வீட்டார் இந்தியாப் பங்கில் வந்தார்கள். பாக்கியம் சிறுமியாக இருந்தபோதே மாமாவின் குடியுரிமை விண்ணப்பத்தில் அவள் பெயரும் சேர்ந்திருந்தது. ராசன் வீட்டார் இலங்கைப் பங்கு. குழந்தை தகப்பனோடு சேர்த்தி. ஆக, புருஷனும் பிள்ளையும் அந்த நாட்டுக்காரர்கள். இவள் மட்டும் இந்தியாக்காரி. அவள் பெயரை மாமாவின் விண்ணப்பத்திலிருந்து எடுத்துப் புருஷனோடு சேர்க்கவேண்டும். இல்லையென்றால் மாமா கப்பல் ஏறும்போது அவளும் ஏறவேண்டும்.

இந்தச் செய்தி அப்பாவிடமிருந்து வந்தபோது நான் சேஷமணி சார் வீட்டுக்குப் போக ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "நீ பெரிய அம்பாசடர் கூட இருக்கேன்னு எழுதுனியே ராணி. அவுககிட்ட நில்லு. அவுக ஒரு சொல்லுச் சொன்னா ரெண்டு ராஜாங்கமும் கேக்கும். மாமனுக்கு எழுதிட்டேன். அங்க தோட்டத் தொழிலாளர் சங்கத்து கிளார்க்கு ஒருத்தர் மனுப் போடுதேன்னு சொன்னாராம். வேண்டாம், எம் மவ நிக்கா, ரெண்டு எடத்துல நின்னா வெனையாப் போயிரும்னு சொல்லிட்டேன்."

படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லயம் முழுக்க இதைத்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டாருக்குப் பிடிக்குமே என்று பூங்கொத்து ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"உக்காரேன், எதுக்கு நிக்கறாய்?" என்றார்.

உட்கார்ந்தேன். ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

4

என் அன்றாடம் இப்படி: இருட்டில் எழுந்து, இருட்டில் பஸ் ஏறி, படுக்கை, சட்டி, மருந்து, படுக்கை. விசாவுக்கு குரோய்டனில் ஒரு வானளாவிய கட்டடத்தில் முத்திரை குத்தவேண்டும். வரிசை வாசலுக்கு வெளியே தெருவரை நீளும். அங்கே நிற்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. கவுண்டர் வந்தால்தான் சிரமம். அங்கே நாமாகச் சொன்னால்தான் உண்டு.

வந்த புதிதில் லீவு வேண்டி வார்டு சிஸ்டர் அறை வாசலோரம் நின்றிருக்கிறேன். ஒருநாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாள் வெளியே வந்து, வழி தெரியவில்லையா, மூன்று நாளாக இங்கேயே திரிகிறாயே என்று கேட்டாள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள். நான் தலையை நம் மாதிரி ஆட்டினேன். அதையும் "இல்லை" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பழனிச்சாமி அண்ணன். சித்தூர் தாலுக்கா பெருமாட்டிக்காரர். ஊரில் தென்னந்தோப்பு இருக்கிறது. இங்கே தபால் பிரிக்கிறார். நான் சித்தூரில் படித்தவள் என்றதும் வாடகை அறை கொடுத்தார். அவர் பையன் கதிர்வேலுக்குப் பள்ளிக்கூடத்தில் கேரி என்று பெயர். வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறான். அப்பா தமிழில் கேட்பார். பையன் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவான்.

"ஏனுங்க அம்மிணி, அவன் இப்ப என்னங்க சொல்லீட்டுப் போறான்?"

"பசிக்கலையாம் அண்ணே."

"அதுக்கு இத்தன நீளமாங்க? எங்கூட்ல எருமகூட எனக்குப் புரியற மாதிரி கத்துமுங்க."

சிரிப்பார். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் மாடிப்படியைப் பார்த்தபடி இருப்பார்.

பாக்கியம் விஷயத்தை அவரிடம் சொன்னேன். அம்பாசடரிடம் நிற்கிறேன் என்றும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"நிக்கறதுன்னா?"

விளக்கினேன்.

"அட, ஏனுங்க! கேக்காம எப்புடிங்க கெடைக்கும்? எங்கூர்ல தண்ணிக்கு மொற வருலீன்னா வாய்க்கா மேட்டுல ஏறி நின்னு கத்துவோமுங்க. கத்துனாத்தானுங்க மடை தொறப்பான். நீங்க பாட்டுக்கு ஊமையாட்ட நின்னா, தண்ணி அடுத்தவன் காட்டுக்குப் போயிருமுங்க."

"உங்களுக்குக் காடு கழனி இருக்கு அண்ணே. கத்தலாம்."

"காடு இல்லாதவிங்களுக்குத் தொண்டையும் இல்லீங்களா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

5

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன. மறைக்காமல் சொல்கிறேன், அவர் பேச்சில் எனக்குக் கிறக்கமே உண்டாயிற்று. பேப்பர் வாசித்துக் காட்டுவேன். நடுவில் எங்காவது ஒரு நாட்டின் பெயர் வந்தால் போதும், கிளம்பிவிடுவார்.

ஒரு விருந்தில் இரண்டு நாட்டு அம்பாசடர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேசினால் தங்கள் அரசாங்கத்துக்குக் கோபம் வரும். பேசாவிட்டால் யுத்தம் வரும். என்ன செய்வது?

"ரெண்டு பேருக்கும் நடுவிலே செவி கேக்காத ஒரு கிழவியை உக்கார்த்தி வெச்சேன், கேட்டயோ? ரெண்டு பேரும் அவாள்கிட்டே கத்திக் கத்திப் பேசினா. இவன் சொன்னது அவனுக்குக் கேட்டுது, அவன் சொன்னது இவனுக்குக் கேட்டுது. ஒருத்தரோட ஒருத்தர் பேசினதா ஆரும் பறய முடியாது! பாயசம் வரச்சே காரியம் முடிஞ்சு போச்சு."

"அந்தப் பாட்டிக்கு?"

"அவாளுக்கு என்ன? தன்னோட ஆம்படையானுக்குப் பெரிய மரியாதைன்னு நெனச்சிண்டு போயிருப்பா."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

கல்பாத்தியில் வீட்டுக்கு ஒரு பையன் டில்லியில் இருக்கிறான் என்றால் அதில் பாதி இவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். சிபாரிசுக் கடிதம் எழுதமாட்டாராம். நடைபாதையில் யாரையாவது பார்க்கும்போது, "அந்தப் பையன் தேவலை" என்று காதோரம் போட்டுவிட்டுப் போவாராம். "கடிதாசு எழுதறவன் வெளியாள். உள்ளே இருக்கறவன் நடந்துண்டே சொல்லுவன்." இதைச் சொல்லும்போது கட்டு அவிழ்த்தும் பார்வை திரும்பாத கண் மினுங்கும். நான் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இப்போது கேட்பார், "உனக்கு என்ன வேணும் குட்டி?" என்று. கேட்கவில்லை.

அவர் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. எதிர்ப்பக்கம் எடுக்காத விஷயத்தை நாமாக எடுக்கக் கூடாது. எடுத்தால் நாம் பலவீனம், இல்லையென்றால் மூக்கை நுழைக்கிறோம் என்று அர்த்தமாம். "எதிராளி முகத்திலே என்ன இருக்குன்னு தெரியும். தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கறதுதான் மரியாதையாக்கும்." இதையும் அழகாக எழுதிக்கொண்டேன். அது என்னைப் பற்றியது என்று அப்போது உறைக்கவில்லை.

வசந்தம் போயிற்று, கோடை போயிற்று. டில்லியில் ஆட்சி மாறி வெகுநாள் ஆகியிருந்தது. மகள் வீட்டுக்கு முன்பு வந்துகொண்டிருந்த கார்கள் குறைந்திருந்தன. அதையும் நான் கவனித்தேன். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர் என்றால் பெரியவர்தானே என்று இருந்தேன். பள்ளிவாசலில் தொரை மாறினாலும் தொரை பங்களா அங்கேயேதானே இருக்கிறது!

6

அன்றைக்கு ஒரு ஞாயிறு மத்தியானம். மழை. இலங்கையைப் பற்றி ஏதோ சின்னச் செய்தி. வாசித்தேன்.

"ஹா, அது!" என்றார். "அந்தப் பேச்சுவார்த்தையிலே நான் இருந்தேனே. முன்வரிசை இல்லை, பின்வரிசை. முன்வரிசைக்கு என்ன பேசறதுன்னு எழுதிக் கொடுக்கறவன் பின்வரிசையிலேதான் இருப்பன்."

என் பேனா நின்றது.

"ரெண்டு பக்கமும் எண்ணிக்கையிலே மாட்டிண்டுது. இவ்வளவு பேரை நீ எடு, இவ்வளவு பேரை நான் எடுக்கறேன். ஒரு கூட்டம் மிஞ்சிப் போச்சு. ஆருக்கும் வேண்டாம். ராத்திரி பகலாப் பேசியும் தீரலை. பத்திரிகைக்காராள் வெளியிலே நிக்கறா. நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதி முன்னாலே தள்ளினேன். 'மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' அவ்வளவுதான்! ரெண்டு பக்கமும் மூச்சு விட்டுது. கைகுலுக்கல், போட்டோ. என் சர்வீஸ் முழுக்க எனக்கு அன்னம் போட்டது அந்த ஒரு வாக்கியமாக்கும். எத்தனை எடத்திலே உபயோகிச்சிருக்கேன்!"

எல்லாக் கதைக்கும் சிரிப்பேன் அல்லவா? அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை என்றதும் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எந்தா குட்டி?"

அவராகக் கேட்டுவிட்டார். மொழி எதுவாக இருந்தால் என்ன! ஒரு வருஷமாக எந்தச் சொல்லுக்காக நின்றேனோ அந்தச் சொல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மாமா, பாக்கியம், ராசன், குழந்தை, பெயரை மாற்றுவது. அந்த மிச்சத்தில்தான் பிறகு மாமாவையும் இந்தியாப் பக்கம் தள்ளினார்கள் என்றும் சொன்னேன். நோயாளியைப் பற்றி டாக்டரிடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா வந்துண்டிருக்காய். ஒரு வார்த்தை பறஞ்சதில்லையே?"

"நீங்க கேக்கலையே சார்."

"குரல்லே என்னமோ இருக்குன்னு தெரியும். நீயாச் சொல்லுவாய்னு நான் இருந்தேன்." கையைத் தடவித் தடவிப் போனை இழுத்தார். "நம்பர் சொல்றேன், சுழட்டு. நம்ம பையனாக்கும். மொதல் போஸ்டிங் நான் வாங்கிக் கொடுத்தது. இப்போ பெரிய எடத்திலே இருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டு நம்பர். பெயர் வேண்டாம். சுழற்றினேன். அவர் காதில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் கேட்டது. ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது. சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னது. பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். காத்திருக்கச் சொன்னது. உள்ளே யாரோ பேசுகிற சத்தம், கிளாஸ் சத்தம், சிரிப்பு. பிறகு அதே குரல், ஐயா வெளியே போயிருக்கிறார் என்றது. போன் வைக்கப்பட்டது. 'ர்ர்ர்' என்ற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அவர் போனை வைக்கவில்லை.

"ஹலோ? ஆமாம், நானாக்கும். சௌக்கியம், சௌக்கியம்," என்றார். "ஒரு சின்னக் காரியம். ஒரு பொண்ணு... ஆமாம்... பெயரை மாத்தணும்... நீ பார்த்துக்கோ. ரொம்ப சந்தோஷம்." நடுநடுவே எதிராளி பேச இடைவெளி விட்டார். ஓர் இடத்தில் சிரிக்கக்கூடச் சிரித்தார். அவ்வளவு நேரமும் அந்த 'ர்ர்ர்' ஓயவில்லை.

போனை வைத்துவிட்டு, "சொல்லியாச்சு," என்றார். "பார்த்துப்பன்."

"ரொம்ப நன்றி சார்," என்றேன்.

எதிராளி முகத்தில் இருப்பது தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை. அவரிடம் கற்றுக்கொண்டதை அவரிடமே காட்டினேன். அவருக்கு என் முகம் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அன்றே அப்பாவுக்கு எழுதினேன்: அம்பாசடரால் ஆகாது, மாமாவை உடனே சங்கத்து கிளார்க்கிடம் போகச் சொல்லுங்கள். கடிதம் மலை ஏறி, அப்பா படித்து, அப்பா மாமாவுக்கு எழுதி, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் மனுப் போடும் தவணை முடிந்திருந்தது. கிளார்க் மாமாவிடம், "போன வருஷமே கேட்டேனே, நீங்கதானே வேணாமுன்னீங்க?" என்றாராம்.

பாக்கியம் அந்த வருஷம் முழுக்கத் தானே கிளார்க்கிடம் போய்க் கேட்கிறேன் என்று குதித்தாளாம். மாமாதான் அடக்கி வைத்தாராம். "வாயத் தொறக்காத. அங்க ராணி நிக்கா" என்று.

7

பாக்கியம் தலைமன்னாரில் கப்பல் ஏறி இன்றோடு ஒரு வருஷம். குழந்தையைத் துறைவரை ராசன் தூக்கிக்கொண்டு வந்தானாம். மண்டபம் முகாமில் அப்பா போய் நின்று பாக்கியத்தையும் மாமாவையும் பள்ளிவாசலுக்குக் கூட்டி வந்துவிட்டார். இப்போது எங்கள் லயத்திலேயே இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார். அதை ஒரு குறையாக எழுதவில்லை. "இப்ப நல்ல அடக்கம் வந்துருச்சு" என்று எழுதியிருக்கிறார்.

செய்தி வந்த ஞாயிறு சேஷமணி சாரிடம் சொன்னேன்.

"கப்பல் ஏறிட்டா சார்."

"கொழந்தை?"

"அங்கேயே."

கையை நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தார். "சாரமில்லை, விடு குட்டி. இப்போ வந்தது வரட்டும். மிச்சத்தை அப்புற..." என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திவிட்டார். பழக்கம் வாயிலிருந்து வந்துவிட்டது. மனசு பின்னாலேயே வந்து வாயைப் பொத்தியது. பேப்பரை எடுத்தேன். "இன்னிக்கு வேண்டாம்," என்றார். மடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகும் போகிறேன். மெலிந்துவிட்டார். இப்போது கதைகளை அவராகத் தொடங்குவதில்லை. அவர் வாழ்க்கையை எழுதாமல் விடப்போவதில்லை. அந்தச் செவி கேட்காத கிழவி கட்டாயம் வருவாள். ஆனால் அவளிடமிருந்துதான் தொடங்குவேன்; இரண்டு பெரிய மனிதர்கள் கத்துவதற்கு நடுவில், தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அங்கிருந்து.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். லண்டனில் இருக்கும் இலங்கைத் தூதரகத்துக்குப் போகப்போகிறேன். தாயைப் பார்க்கப் பிள்ளையை அனுப்ப வழி உண்டா, பிள்ளையைப் பார்க்கத் தாய் திரும்பிப் போக வழி உண்டா என்று கேட்கப்போகிறேன். அவர்கள் இல்லையென்றால் இந்திய அலுவலகம். அங்கேயும் இல்லையென்றால் அந்தச் சங்கத்து கிளார்க்குக்கு நானே எழுதுவேன். ஒரே காரியத்துக்கு மூன்று இடம். அப்பாவுக்குத் தெரிந்தால் தலையில் கை வைப்பார்.

பழனிச்சாமி அண்ணன் சமையலறையில் என்னை நிறுத்திப் பழக்குகிறார். மேசைதான் கவுண்டர், அந்தப் பக்கம் அவர்தான் ஆபீசர்.

"சொல்லுங்க அம்மிணி, என்ன வேணும்?"

"அதாவது... எங்க மாமா பொண்ணு..."

"சத்தமாச் சொல்லுங்க. மடை தொறக்கோணும்."

மாடிப்படியில் கேரி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். சத்தமாகச் சொல்கிறேன். சொல்லும்போது கை தானாகத் தலைக்குப் போகிறது, அங்கே இல்லாத துண்டை அவிழ்க்க. கையைக் கீழே இறக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.